மேல் மாடி ஷவரும் கீழ் வீட்டுக் குழாயும்

சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்தில் குழாய் வேலை செய்யும் தம்பிகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். முட்டி தேய்ந்துபோய் நான் வேலையை விட்ட பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. போன மாதம் ஒரு தம்பி அதில் கேட்டிருந்தார். மாடி மேல் மாடி கட்டிய வீடு, மேல் மாடியில் ஷவர் நூல் மாதிரி வருகிறது, எந்த பம்ப் போடலாம்? மளமளவென்று பதில்கள் வந்து விழுந்தன. எல்லாமே பம்ப்புகளின் பெயர்கள். நான் மட்டும், முதலில் சுடுதண்ணீர் மெதுவாக வருகிறதா, பச்சைத்தண்ணீரா, இரண்டுமா என்று பாருங்கள் என்று தட்டினேன். "அத்த பாத்து இன்னா ஆவப்போகுது அண்ணாத்த? பம்ப்ப மாட்டுனா எல்லாம் வந்துடும்" என்று ஒருவர் சிரிப்புப் பொம்மையோடு பதில் போட்டார்.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்போது வேலை போனில் வருகிறது. வீட்டுக்காரர் பேசும்போதே பம்ப் என்றுதான் சொல்கிறார். கடையில் வாங்கி, அரை நாளில் மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். பல வீடுகளில் அது போதும்தான். போதாமல் போன ஒரு வீட்டை நான் பார்த்திருக்கிறேன். போனில் தட்டிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்போரூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்க்காரன். செங்கல்பட்டில் ஒரு கான்ட்ராக்டரிடம் கையாளாகச் சேர்ந்தேன். இரும்புக் குழாய்க்குத் திருகு மரை வெட்டவும், சணல் சுற்றி முடுக்கவும் கற்றுக்கொண்டு கை தேறிய நேரத்தில், பிளாஸ்டிக் குழாய் வந்து எல்லாம் பசை தடவி ஒட்டும் வேலையாக மாறிவிட்டது. மறுபடி கற்றுக்கொண்டேன். ஈ.சி.ஆர் என்கிற கடற்கரைச் சாலை ஓரம் பங்களாக்களும் விடுதிகளும் முளைக்க ஆரம்பித்த சமயம் அது. கடலுக்குப் பக்கத்தில் வேலை செய்தால் குழாய்க்காரனுக்கு ஓய்வே கிடையாது. உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும், போர் தண்ணீரில் இருக்கும் உப்பு உள்ளேயிருந்து அடைக்கும்.

அந்த கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக வந்தவர் சம்பந்தம் சார். என்னைவிட வயதில் சின்னவர். டிப்ளமோ படித்தவர். நான் ஒருமையில் பேசினாலும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்தும் நான் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ஏழுமலை அண்ணே என்பார். ஆனால் வேலை விஷயத்தில் அவர் சொல்தான் கடைசி.

அவர் ஒரு வீட்டுக்குள் நுழையும் விதமே வேறு. முதலில் சட்டைக் கையை மடித்துவிடுவார். பிறகு ஒரு பக்கெட் கேட்பார். வீட்டுக்காரர்கள் புகார் சொல்லச் சொல்ல, ஒன்றும் பேசாமல் ஷவரைத் திறந்து அதன் கீழே கையை நீட்டி நிற்பார். டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி இருக்கும். பச்சைத்தண்ணீர் மட்டும், சுடுதண்ணீர் மட்டும், பிறகு இரண்டும். ஷவரை மூடிவிட்டு அதே குளியலறையில் இருக்கும் கீழ்க் குழாயில் பக்கெட் நிரம்புகிறதா என்று பார்ப்பார். அந்தக் குழாயில் நன்றாக வந்து ஷவரில் மட்டும் வராவிட்டால் கோளாறு ஷவரில். இரண்டிலும் வராவிட்டால் மாடிப்படி ஏறுவார். தொட்டியைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது அவர் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. புது ஆள் வந்து குழாயைப் பார்த்ததும், "யாருப்பா இந்த வேலைய பண்ணது?" என்று ஆரம்பிப்பான். முன்னால் வந்தவனைத் திட்டிவிட்டுத்தான் கருவியை எடுப்பான். சம்பந்தம் சார் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். யார் என்று கேட்காதே, எப்போதிலிருந்து என்று கேள் என்பார். யார் என்று கேட்டால் வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவார்கள், நாம் குழாய் பார்க்க வந்தோமா குடும்பம் பார்க்க வந்தோமா என்பார்.

அந்த முறையில் நாங்கள் சரிசெய்த வீடுகள் பல. திருப்போரூரில் ஒரு வாத்தியார் வீட்டில், ஷவரின் துளைகளில் சுண்ணாம்பு மாதிரி உப்பு பூத்திருந்தது. கழற்றி வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்ததோடு வேலை முடிந்தது. வாத்தியாரின் மனைவி அதற்குள் புது பம்ப்புக்கு இடம் ஒழித்து வைத்திருந்தார்; கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு அடுக்குமாடியில் தொட்டி கழுவிய பிறகு ஒரு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் தண்ணீரே இறங்கவில்லை. குழாய் ஓர் இடத்தில் மேடு ஏறி இறங்கியிருந்தது, அந்த மேட்டில் காற்று சிக்கிக்கொண்டது. கீழே மோட்டாரிலிருந்து ஒரு ஹோஸைக் கொண்டுவந்து குழாயில் மாட்டி, தண்ணீரைத் தலைகீழாக மேலே தள்ளினோம். தொட்டிக்குள் பெரிய ஏப்பம் மாதிரி காற்று வெளியே வந்ததும், குடியிருந்தவர்கள் எல்லாரும் மாடியில் கூடி நின்று கை தட்டினார்கள்.

இனி நான் சொல்ல வந்த வீடு.

திருவிடந்தையைத் தாண்டி கடலோரம் ஒரு குப்பத்தில் இருந்தது அது. மீன் வியாபாரக் குடும்பம். கீழ் வீட்டில் மூத்த மகன் தேசிங்கு, மனைவி பிள்ளைகளோடு இருந்தார். பின்பக்கம் முற்றத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கி, மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களுக்கு மீன் அனுப்புவார். நடு மாடியைச் சனி ஞாயிறுகளில் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மேல் மாடி, அந்தமானில் வேலை பார்க்கும் இளைய மகன் பணம் அனுப்பிக் கட்டியது. அங்கே அவர் மனைவி வசந்தி இருந்தார். பெரியவர் கன்னியப்பனுக்கு பக்கவாதம் வந்து வலது பக்கம் மரத்துப்போய், பேச்சும் குழறிப்போனதும், உட்கார்ந்து போகிற கழிப்பறை மேல் மாடியில்தான் இருக்கிறது என்று அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்திருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டுவது முதல் எல்லாமே வசந்திதான். பெரியவரின் மனைவி எல்லம்மா கீழே வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. போன அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மேல் மாடியில் ஷவர் சரியாக வரவில்லை. தேசிங்கு பம்ப்பை வாங்கியே வைத்திருந்தார். கீசருக்குப் போகிற குழாயில் மாட்டிவிடுங்கள், மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார். எனக்கும் அது சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது. பையைத் திறக்கப் போனேன். சார் பக்கெட் கேட்டார்.

குளியலறை நன்றாகக் கட்டியிருந்தது. சுவரில் பிடிமானக் கம்பி, ஷவருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சார் வழக்கம்போல் கையை நீட்டினார். பச்சைத்தண்ணீர் உண்மையிலேயே நூல்தான். சுடுதண்ணீர் அதைவிட நன்றாக வந்தது. சார் திரும்பி என்னைப் பார்த்தார். பொதுவாக இது நேர்மாறாக இருக்கும். கீசருக்குள் போய்ச் சுற்றி வருவதால் சுடுதண்ணீர்தான் மெதுவாக வரும். அப்புறம் இரண்டையும் கலந்து திறந்தார். இதமான சூடாக வந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிஷம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஷவரிலிருந்து ஆவி கிளம்பியது. தண்ணீரைக் கலக்கும் பிடியை யாரும் தொடவில்லை.

"அண்ணே, கீழ எங்கயோ தண்ணி ஓடுது. போய்ப் பாருங்க" என்றார்.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பின்முற்றத்தில் எல்லம்மா ஹோஸைப் பிடித்து ஐஸ் பெட்டிகளை அலசிக்கொண்டிருந்தார். அவர் ஹோஸை மூடிய பிறகு சார் மறுபடி கையை நீட்டினார். பழையபடி இதமான சூடு.

அப்போதுதான் அடுத்த அறையில் கட்டிலில் இருந்த பெரியவரைச் சார் பார்த்தார். சட்டை இல்லாமல் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தார். வலது தோளிலிருந்து முதுகு வரை மருந்துத் துணி ஒட்டியிருந்தது. ஐயாவுக்கு என்ன ஆச்சு என்று சார் கேட்டார். தேசிங்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சுடுதண்ணி பட்டுடுச்சு என்றார். வசந்தி கதவோரம் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய பை கட்டி வைத்திருந்தது.

"எப்போ?" என்று சார் கேட்டார்.

அவர் எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான். ஆனால் வசந்தியிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை போல. முதலில் தயங்கி, பிறகு நிறுத்தாமல் சொன்னார். பத்து நாளைக்கு முன்னால், எப்போதும்போல் காலையில் மாமாவை ஸ்டூலில் உட்காரவைத்து, எப்போதும்போல் பிடியை நடுவில் வைத்து, தண்ணீரைத் தன் கையில் பார்த்துவிட்டுத்தான் திறந்திருக்கிறார். சோப்பு எடுக்கத் திரும்பியிருக்கிறார். மாமாவுக்கு வலது பக்கம் உணர்ச்சி இல்லை, கத்தவும் வராது. திரும்பிப் பார்த்தபோது தோள் சிவந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பிடி வைத்த இடத்தில்தான் இருந்தது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எல்லம்மா மேலே வந்து தானே புருஷனைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். வசந்தி சமைத்துத் தரும் தட்டை மட்டும் கதவருகே வாங்கிக்கொள்வார். அந்தமானுக்கும் செய்தி போயிருக்கிறது. புருஷன் அதிலிருந்து போனை எடுக்கவில்லை. தாய் வீட்டிலிருந்து அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போவதாக இருந்தது.

"வேணும்னே ஊத்துனேன்னு சொல்லினு கீறாங்க சார்" என்றார் கடைசியில். "பாக்க வர்றவங்களாண்ட எல்லாம் அதான் சொல்லினு கீறாங்க."

தேசிங்கு குறுக்கே பேச வாயெடுத்தார். சார் அவரைப் பார்த்து, மொட்டைமாடிச் சாவி வேண்டும் என்றார்.

மொட்டைமாடியில் தொட்டி தாழ்வான செங்கல் மேடையில் இருந்தது. தண்ணீருக்கு விசை கொடுப்பது உயரம்தான். கீழ் வீட்டுக் குழாய்க்கு அந்த வீட்டின் மொத்த உயரமும் கிடைக்கிறது. மேல் மாடி ஷவருக்கோ தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது, ஓர் ஆள் உயரம்கூட விசை இல்லை. அது ஒரு காரணம். இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆனது. தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கின. ஒன்று மேல் மாடி கட்டுவதற்கு முன்பே இருந்த பழைய குழாய். வீட்டின் எல்லாக் குழாய்களுக்கும், மேல் மாடிப் பச்சைத்தண்ணீருக்கும் அது ஒன்றே. இன்னொன்று கீசர் வாங்கியபோது அதற்கென்று தொட்டியிலிருந்து தனியாக இழுத்த புதுக் குழாய்.

பழைய குழாயின் தலைப்பில் ஒரு கேட் வால்வு இருந்தது. சக்கரம் மாதிரி கைப்பிடியைத் திருகினால் உள்ளே ஒரு பித்தளைத் தகடு ஏறி வழிவிடும், இறங்கி அடைக்கும். கைப்பிடி முழுசாகத் திறந்துதான் இருந்தது. தொட்டியைக் காலி செய்துவிட்டு நான் அந்த வால்வைக் கழற்றினேன். கைப்பிடியைச் சுற்றினால் தண்டு மட்டும் சுற்றியது. தண்டையும் தகட்டையும் பிடித்திருந்த இடத்தை உப்பு அரித்துவிட்டது. தகடு பாதி இறங்கி அப்படியே நின்றிருந்தது. வெளியே திறந்த மாதிரி, உள்ளே பாதி மூடியபடி.

சார் அதைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தார். எனக்கு அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதி அடைத்த வழியாக வருகிற கொஞ்சத் தண்ணீரை, கீழே ஹோஸைத் திறந்ததும் கீழ் வீடு இழுத்துக்கொள்ளும். மேல் மாடியில் பச்சைத்தண்ணீர் நின்றுவிடும். சுடுதண்ணீர் தனிக் குழாயில் வருவதால் அது மட்டும் வந்துகொண்டே இருக்கும். அதே குழாயில் தேசிங்கு வாங்கி வைத்த பம்ப்பை நாங்கள் மாட்டியிருந்தால், ஷவர் அருமையாக வருகிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அடுத்த முறை கீழே யாராவது ஹோஸைத் திறக்கும்போது கொதிதண்ணீர் முழு வேகத்தில் வந்திருக்கும்.

பழைய வால்வையே தற்காலிகமாகத் திரும்ப மாட்டச் சொன்னார் சார். கீழே இறங்கிப் போய் தேசிங்கிடம், கோளாறு குழாயில் இருக்கிறது, கீழே திறந்தால் மேலே சுடுகிறது, யார் மேலும் தப்பு இல்லை என்று தன் வழக்கப்படி சொன்னார். தேசிங்கின் முகத்தில் பெரிய நிம்மதி. சரி சார், நடந்தது நடந்துச்சு, சீக்கிரம் சரிபண்ணிக் குடுங்க என்றார். நானும் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வசந்தி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பு என் மேலன்னு சொன்னப்போ எல்லாரையும் கூப்ட்டு வச்சு சொன்னாங்க" என்றார். குரல் உயரவில்லை. "இல்லன்றத மட்டும் உங்க ரெண்டு பேருக்குள்ள சொல்லிக்கினா எப்டி சார்?"

அத்தனை வருஷத்தில் சார் எந்தக் குடும்பத்தின் பேச்சிலும் தலையிட்டு நான் பார்த்ததில்லை. வால்வை மாற்றிவிட்டு, கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டு, பெரியம்மாவைக் கொஞ்சம் மேலே வரச் சொல்லுங்கள் என்றார்.

தொட்டி நிரம்பியதும், கீசரின் சூட்டைக் குறைத்து வைக்கச் சொன்னார். கை பொசுங்கக் கூடாது, ஆனால் தெரிய வேண்டும். எல்லம்மா முந்தானையால் கையைத் துடைத்தபடி குளியலறை வாசலில் வந்து நின்றார். என்ன ஏது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நீங்களே தண்ணீரைக் கலந்து வையுங்கள் அம்மா, ஐயாவைக் குளிப்பாட்டுகிற சூட்டுக்கு என்றார் சார். எல்லம்மா பிடியை இப்படி அப்படித் திருப்பி, கையில் பார்த்து, போதும் என்றார். கையை அப்படியே வைத்திருக்கச் சொல்லிவிட்டு சார் பின்னால் நகர்ந்தார். வசந்தியைக் கீழே அனுப்பியிருந்தோம். நான் மாடியிலிருந்து கையைக் காட்டியதும் அவர் பின்முற்றத்து ஹோஸைத் திறந்தார்.

எல்லம்மா கையை எடுத்துக்கொண்டார். பிடியைப் பார்த்தார். அது அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. மறுபடி கையை நீட்டினார், மறுபடி எடுத்தார். எதிரே நின்ற எங்களைப் பார்க்கவில்லை. கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் மாடி வரை கேட்டது. அவருடைய கை ஈரமாகவே தொங்கியது.

"அன்னிக்குப் பொட்டி அலசிகினு இருந்தது நானு" என்றார்.

சார் உடனே, உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மா, யாருக்குமே தெரியாதே என்று சொன்னார். எல்லம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வசந்தி படியேறி வந்ததும், தேசிங்கும் அவர் மனைவியும் நிற்கும்போதே, எங்கள் முன்னால் அதையே அவரிடமும் சொன்னார். பொட்டி அலசினது நான், தண்ணிய இழுத்தது நான். ஒரு வார்த்தையும் குறைக்காமல் சொன்னார்.

வசந்தி அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

"உங்களுக்கும் தெரியாது அத்தே, எனக்கும் தெரியாது" என்றார். "ஆனா இன்னா நடந்துச்சுன்னு நீங்க என்னை ஒரு வார்த்த கேக்கவே இல்லியே."

வசந்தி சமையலறைக்குள் போய்விட்டார். கட்டியிருந்த பை அறையிலேயேதான் இருந்தது. சரிசெய்து முடிக்கும் வரை பெரியவரை ஷவரில் குளிப்பாட்ட வேண்டாம், பக்கெட்டில் கலந்து ஊற்றுங்கள் என்று சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம். ஈ.சி.ஆரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, தான் அங்கே பேசியிருக்கக் கூடாதோ என்று சார் என்னைக் கேட்டார். அந்தக் கிழவியின் முகம் என் கண்ணிலேயே நின்றது. ஆனால் பை கட்டி வைத்திருந்தவளின் முகமும் நின்றது.

அடுத்த நாள் சாமான்களோடு போனோம். வேலை சில நாள் பிடித்தது. பழைய வால்வுக்குப் பதிலாக, உள்ளே தகட்டுக்குப் பதில் ஓட்டை போட்ட பந்து சுழலும் 'பால் வால்வு' போட்டோம். அதில் பிடியைப் பார்த்தாலே உள்ளே திறந்திருப்பதும் மூடியிருப்பதும் தெரியும். கீழ் வீட்டுக்கும் நடு மாடிக்கும் பழைய குழாயையே விட்டுவிட்டு, மேல் மாடிக் குளியலறைக்குத் தொட்டியிலிருந்து பெரிய அளவில் தனிக் குழாய் இறக்கினோம். பச்சைத்தண்ணீரும் கீசருக்குப் போகிற தண்ணீரும் அந்த ஒரே குழாயிலிருந்துதான் பிரிய வேண்டும் என்பதில் சார் பிடிவாதமாக இருந்தார். குறைந்தால் இரண்டும் சேர்ந்து குறையட்டும். தேசிங்கு வாங்கிய பம்ப் வீணாகவில்லை. அதை மொட்டைமாடியில், இரண்டும் பிரிவதற்கு முன்னால் மாட்டினோம். கரன்ட் போனாலும் தண்ணீர் தானாக இறங்க ஒரு மாற்றுவழி விட்டோம். குழாயின் உச்சியில் காற்று போவதற்கு ஒரு சின்னக் குழாயைத் தொட்டிக்கு மேலே தூக்கி நிறுத்தினேன். கீசரின் சூட்டையும் நிரந்தரமாகக் குறைத்து வைத்தோம்.

நடுவில் ஒரு நாள் நான் மொட்டைமாடியில் பசை தடவிக்கொண்டிருந்தபோது தேசிங்கு போனோடு மேலே வந்தார். என்னைப் பார்த்தும் திரும்பிப் போகவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி அந்தமானில் இருக்கும் தம்பியிடம் பேசினார்.

"நைனாவ சுட்டது வசந்தி இல்லடா. தண்ணிக் குழாயி. அம்மா வாயாலயே சொல்லிச்சு. தப்பு நம்மளுது. நீ மொதல்ல அதுக்கு போன் போடு. நான் கட் பண்றேன், போடு."

போனை வைத்துவிட்டு ஒட்டின குழாய் எவ்வளவு நேரத்தில் காயும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கீழே வசந்தியின் போன் அடிப்பது எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது. உடனே எடுக்கவில்லை. நெடுநேரம் அடித்த பிறகுதான் நின்றது. எடுத்தாரா, அதுவே நின்றதா என்று அப்போது தெரியவில்லை. ஆனால் அவருடைய அண்ணன் வந்து மோர் குடித்துவிட்டுத் தனியாகத்தான் திரும்பிப் போனார்.

இந்த வீட்டுக்குப் பிறகு சம்பந்தம் சாரின் முறையில் ஒரு மாற்றம் வந்தது. பக்கெட் கேட்பதற்கும் முன்னால், இந்தக் குளியலறையில் குளிப்பது யார் என்று கேட்க ஆரம்பித்தார். குழந்தையா, வயதானவரா, தானாக விலகிக்கொள்ள முடியாதவரா. யார் என்ற கேள்வியையே ஒதுக்கி வைத்திருந்த மனிதர், ஓய்வு பெறும் வரை அதைத்தான் முதலில் கேட்டார். நானும் அப்படியே கேட்டேன்.

வேலை முடிந்த அன்று காலை வெயில் இதமாக இருந்தது. சார் எல்லாக் குழாயையும் தானே திறந்து மூடிப் பார்த்தார். பிறகு குடும்பத்தைக் கூப்பிட்டார். பெரியவரின் புண் ஆறி, புதுத் தோல் வந்திருந்தது. தேசிங்கு அவரைத் தூக்கிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். எல்லம்மா ஷவர் பக்கம் போகவில்லை. துண்டை வசந்தியிடம் நீட்டினார். வசந்தி அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பிடியைத் திருப்பி, தண்ணீரில் தன் கையை வைத்தார்.

"நீங்க கீழ போயி பைப்ப தொறங்க அத்தே" என்றார். "ஃபுல்லா தொறங்க."

எல்லம்மா படியிறங்கிப் போனார். நானும் சாரும் மொட்டைமாடியில் தொட்டி அருகே நின்றோம். அங்கிருந்து பின்முற்றம் நன்றாகத் தெரிந்தது. எல்லம்மா ஹோஸை முழுசாகத் திறந்து தரையில் விட்டார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"சுடுதா?"

"இல்ல அத்தே."

ஹோஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சமையலறைக்குள் போய் அந்தக் குழாயையும் திறந்தார். ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. இப்போ? இல்ல. துணி துவைக்கிற இடத்துக் குழாயைத் திறந்தார். நடு மாடிக்கு ஏறி, வாடகை அறைகளின் கதவைத் திறந்து, ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் நின்று கேட்டார். மேலே வசந்தியின் பதிலுக்கு நடுவே பெரியவரின் குழறல் குரலும் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை, ஆனால் வலியில் எழுப்பிய சத்தம் இல்லை அது.

"இப்போ சுடுதா?"

"இல்ல அத்தே. நல்லா வருது. நீங்க வாங்க."

அவர் வரவில்லை. திறப்பதற்கு இன்னும் எங்கேயாவது ஒரு குழாய் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. போதும் என்று சொல்ல நான் கைப்பிடிச் சுவரை நோக்கிப் போனேன். சார் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மோட்டாரைப் போட்டுவிடுங்கள் அண்ணே என்றார்.